பழைய செக்ரோலில் கோடு நீக்க ஓப்பன்சிவி எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களின் பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) தாள்களை ஸ்கேன் செய்து கோடுகளை நீக்குபவர்களுக்கு, ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்க நிரல் நூலகம் தாராளமாகப் போதும், காசும் கிடையாது. 300 டிபிஐ-யில் எடுத்து, ஓட்ஸு முறையில் (கறுப்பு, வெள்ளையைப் பிரிக்கும் அளவைத் தானே கணிக்கும் முறை) கறுப்பு வெள்ளையாக்கி, எழுத்து வெள்ளையாக வரும்படி நிறத்தைத் திருப்புங்கள். அகலம் 100, உயரம் 1 பிக்சல் கெர்னலால் (படத்தின் மேல் நகர்த்தும் சிறு கட்டம்) ஓப்பனிங் செய்தால், அதாவது அந்தக் கட்டம் முழுதாக அடங்காத வெள்ளைப் பகுதிகளை அழித்தால், கிடைக்கோடு மட்டும் மிஞ்சும். அதை நிறம் திருப்பிய படத்திலிருந்து கழித்துவிட வேண்டும். நெட்டுக்கோட்டுக்கு அகலம் 1, உயரம் 100.

கெர்னலை 40-ஆகக் குறைக்காதீர்கள். அது 3.4 மில்லிமீட்டர்தான், கிராணி (தோட்டத்துக் கணக்கர்) அகலமாக எழுதிய ‘ட’, ‘ப’ இவற்றின் அடிக்கோடும் சேர்ந்து போய்விடும்.

பெரிய தலைவலி சாய்வு. 3 பிக்சல் தடிமனுள்ள கோடு 2 டிகிரி சாய்ந்தால், ஒரே வரிசையில் சுமார் 86 பிக்சல்தான் தொடரும். 100 கெர்னல் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. முதலில் தாளை நிமிர்த்துங்கள்.

கோடு போன இடத்தில் வெட்டுப்பட்ட எழுத்தை, உயரம் 5 உள்ள கெர்னலால் செய்யும் குளோசிங் (சிறு இடைவெளிகளை நிரப்பும் செயல்) ஒட்டிவிடும். ரொம்பக் கூட்டினால் ‘க்’ புள்ளி எழுத்தோடு அப்பிக்கொள்ளும்.

சிவப்புக் கோடு, நீல மை என்றால் இத்தனை பாடு வேண்டாம்: கலரில் ஸ்கேன் செய்து சிவப்பு சேனலை (படத்தின் சிவப்பு நிறப் பகுதியை) மட்டும் எடுங்கள், கோடு பெரும்பாலும் மங்கிவிடும்.