வத்தலகுண்டில் பார்த்த நல்ல வேலை

கனடாவில் கூலன்ட் (இன்ஜின் சூட்டை ஆற்ற ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்) என்றால் குளிர்தான் நினைவுக்கு வரும். தண்ணீர் உறைந்தால் இன்ஜின் பிளாக்கே வெடித்துவிடும் என்பதால் யாரும் அதில் அலட்சியம் காட்டுவதில்லை. ஊரில் பனி இல்லை, அதனால் தண்ணீரே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கொடைக்கானல் பயணத்தில் அதன் விளைவைப் பார்த்தேன்.

மச்சானின் பழைய ஆல்ட்டோ, 796 சிசி. மதுரையிலிருந்து வத்தலகுண்டு வரை டெம்பரேச்சர் முள் அசையவில்லை. மலை ஏறத் தொடங்கியதும் மேலே போனது. சமவெளியில் எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். மலையில் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும்போது ஃபேனை நம்பித்தான் இன்ஜின் ஓடுகிறது. ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்தேன். அதுவும் இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். ஓரங்கட்டி நன்றாக ஆறவிட்டு, மெதுவாக வத்தலகுண்டுக்கே இறங்கினோம்.

முதல் பட்டறையில், "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுடலாம் சார், ஹீட்டே வராது" என்றார்கள். நம் பக்கம் ரொம்ப நாளாக நடக்கும் வைத்தியம் இது. இன்ஜின் சுமார் 80 டிகிரிக்கு மேல் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. அதை எடுத்துவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் அதிகம்.

இரண்டாவதாகப் போன சின்ன பட்டறையில் இருந்த தம்பி எதையும் உடனே தொடவில்லை. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர் கொதித்துச் சீறி முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு திறந்தார். செம்மண் கரைசல் போலத் துருத் தண்ணீர். "போர் தண்ணி ஊத்திருக்காங்கண்ணே" என்றார். உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்கள் பாதி அடைத்திருந்தன.

அப்புறம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, புதிது ஒன்றோடு சேர்த்து, அடுப்பில் இருந்த வெந்நீர்ச் சட்டியில் போட்டார். புதியது வாய் திறந்தது. பழையது தண்ணீர் தளதளவென்று கொதித்தும் கொஞ்சம்தான் திறந்தது. ஃபேனுக்கு நேரடியாக பேட்டரி கொடுத்துப் பார்த்தார், ஓடியது. மூடியின் ரப்பர் இறுகிப் போயிருந்ததால் அதையும் மாற்றினார். அழுத்தம் உள்ளே தங்கவில்லையென்றால் தண்ணீரின் கொதிநிலை இறங்கிவிடும். கடைசியாக உள்ளே நன்றாக அலசிவிட்டு, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி ஊற்றி, ஹீட்டரைத் திறந்து, ஃபேன் தானாக ஓடும் வரை ஐடிலில் விட்டு, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினார். அவசரமே இல்லாத, சுத்தமான வேலை.

பில்லில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக எழுதி, கழற்றிய பழைய பாகங்களைக் கவரில் போட்டுக் கொடுத்தார். மச்சான் வழக்கமாக வண்டி விடும் பெரிய சர்வீஸ் சென்டரின் பில்லிலோ 'கூலன்ட் டாப்-அப்' என்று ஒரே வரி. ஊற்றியது கூலன்டா தண்ணீரா என்று போனில் கேட்டேன்; யாராலும் சொல்ல முடியவில்லை. இனி அங்கே விட்டால் கூலன்ட் டப்பாவைக் கண்முன்னே உடைத்து ஊற்றச் சொல்லும்படி மச்சானிடம் சொல்லியிருக்கிறேன்.