பத்துக்குப் பத்து அறையில் மூன்று வருடம்: கிட்டாரும் குரலும் வீட்டில் பதிந்த அனுபவம்

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள், ஞாபகம் இருக்கும். நான் பதிந்ததில் முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்கக்கூடியதாக வந்த பாட்டு அந்த நாட்களில் பதிந்ததுதான். அயலில் ஃபேன் இல்லை, டிவி இல்லை, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் முனகலும் இல்லை. லப்டொப் பட்டரியில் ஓடியதால், சார்ஜர் செருகியிருந்தால் அடியில் கேட்கும் 50 ஹேர்ட்ஸ் ரீங்காரமும் காணாமல் போயிருந்தது. அதுவரை எல்லாவற்றுக்கும் மைக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த முதல் மைக் மலிவான ஒரு யூஎஸ்பி மைக். பெயர் வேண்டாம். வாடை மழை தொடங்கியதும் பொரிகடலை வறுப்பதுபோலப் படபடத்து, ஒரு நாள் வாயை மூடிக்கொண்டது. பிறகு ஓடியோ டெக்னிக்கா ஏடி2020 மைக்கும், அதை லப்டொப்போடு இணைக்கும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ என்ற கருவியும் வாங்கினேன். இரண்டும் இன்றுவரை தொந்தரவு தந்ததில்லை. தொந்தரவெல்லாம் நான் கொடுத்ததுதான். மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் பொத்தானை அமத்தாமல் அரை மணி நேரம் வயரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். அதைவிட வெட்கக்கேடு, மேடையில் பிடிக்கிற மைக் என்று நினைத்து இரண்டு கிழமை அதன் உச்சியைப் பார்த்துப் பாடினேன். தங்கச்சிதான் பெட்டிக்குள் இருந்த தாளை வாசித்துவிட்டு வந்து, "அண்ணா, நீங்க மைக்கின்ர தலைக்குப் பாடுறீங்க. அதுக்கு முகம் இந்தப் பக்கம்" என்று திருப்பி வைத்தாள். குரல் அன்றே பக்கத்தில் வந்தது.

சத்தத்தின் அளவைப் பற்றி ஒரே வரி: சோலோவின் குமிழைச் சுற்றி ஒளிரும் வளையம் சிவக்க விடாதீர்கள். உரத்துப் பாடும் இடம் −12 டெசிபலில் (0 தான் உச்சவரம்பு) நின்றால் போதும். 24 பிட்டில் பதிந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

அறைதான் பெரிய கதை. என் அறை பத்தடிக்குப் பத்தடி, சரியான சதுரம். நடுவில் கதிரையைப் போட்டு வாசித்தால் ஏ தந்தி மட்டும் அண்டாவுக்குள் விழுந்ததுபோல் ஊதிப் பெருத்துக் கேட்கும். தந்தியை மாற்றினேன், பிக்கை மாற்றினேன், பிறகு கணக்குப் போட்டேன். பத்தடி இடைவெளியில் நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஏறத்தாழ 57 ஹேர்ட்ஸிலும் அதன் இருமடங்கு 114 இலும் ஒலி தேங்கும். ஏ தந்தி 110. அறை சதுரம் என்பதால் நான்கு சுவரும் சேர்ந்து அதையே ஊதுகின்றன. அந்த 114 உச்சத்தில் நிற்பது அறையின் நட்டநடுவில். சுவரிலிருந்து கால்பங்கு தூரத்தில், அதாவது இரண்டரை அடியில், அது அடங்கிப்போகும். மைக்கை அங்கே நகர்த்தினேன். காசு செலவில்லை, அண்டா போய்விட்டது. பின்சுவரில் ஒரு தடித்த போர்வை தொங்குகிறது, அலுமாரிக் கதவு உடுப்புகளோடு திறந்தபடி கிடக்கிறது. இவை கூர்மையான எதிரொலியைத்தான் குடிக்கும், அடித்தொனியை ஒன்றும் செய்யாது. முட்டை அட்டை ஒட்டச் சொல்கிறவர்களுக்குக் கும்பிடு.

அடுத்தது மைக்கின் முதுகு. இது கார்டியொயிட் வகை, பின்பக்கம் வரும் சத்தத்தைத்தான் மிகக் குறைவாக வாங்கும். முகத்தை எங்கே வைப்பது என்றே எல்லோரும் யோசிக்கிறோம். நான் இப்போது முதுகை யன்னலுக்குக் காட்டிவிட்டு, பிறகு கிட்டாரை மைக்குக்கு முன்னே கொண்டுவருகிறேன். ஓட்டோ, காகம், கோயில் ஒலிபெருக்கி எல்லாம் ஒரு படி பின்னே போய்விடும். பாண் விற்றுவரும் ஓட்டோ மட்டும் போகாது. உலகறிந்த அந்தப் பியானோ மெட்டோடு அது ஒழுங்கைக்குள் நுழைந்தால் பதிவை நிறுத்திவிட்டு பாண் வாங்குவதே புத்தி.

கிட்டாருக்கு மைக்கை, அதன் கழுத்தில் 12ஆவது ஃப்ரெட்டை (உலோகக் கட்டையை) பார்க்க, ஒரு சாணுக்குச் சற்று அதிகமான தூரத்தில் வைக்கிறேன். ஓட்டைக்கு நேரே வைத்தால் வெறும் கும்மென்ற சத்தம். இங்கே திருகோணமலையில் இன்னொரு சங்கடம் உப்புக்காற்று. உவர்மலையில் இருந்தாலும் உப்புவெளியில் இருந்தாலும் தப்ப முடியாது. பொஸ்பர் புரொன்ஸ் தந்தி எனக்கு மூன்று கிழமைக்குள் கறுத்து மந்தமாகிறது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடியோடு சேர்த்துத் துடைத்தால் இன்னும் இரண்டு கிழமை ஓடும். மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சி முன்பலகை உப்பும், தந்தி உயர்ந்து விரல் நோகும். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் நேர்மாறு. உறைக்குள் சிறிய ஈரப்பதமானி ஒன்று வைத்திருக்கிறேன். 45 வீதத்துக்கும் 55 வீதத்துக்கும் இடையில் நின்றால் கிட்டாருக்குச் சுகம், ஆனால் இந்த ஊரில் அது அபூர்வம். மைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு தூங்குகிறது.

குரலுக்கும் ஒரு சாண் தூரம்தான். கிட்டப் போகப் போக அடித்தொனி தடிக்கும். வானொலி அறிவிப்பாளர்போல் கேட்டு மயங்கிவிடாதீர்கள், கிட்டாரோடு சேரும்போது சேறாகிவிடும். தமிழின் ப, ஆங்கிலப் பி அளவுக்குக் காற்றைத் தள்ளாது என்றாலும், உச்சத்தில் அடித்துப் பாடும்போது மைக்கில் 'புஸ்' விழும். பூவேலை வளையத்தில் பழைய ஸ்டொக்கிங்கை இழுத்துக் கட்டி முன்னே வைத்து, மைக்கை மூக்குக்கு நேராக உயர்த்தினேன். சரியாகிவிட்டது. ச-வின் சீறலுக்குத்தான் இன்னும் மருந்து கிடைக்கவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பதிவதா, தனித்தனியா? தனித்தனியென்றால் பிறகு கூட்டிக் குறைக்கலாம். ஆனால் மெட்ரொனோம் டிக்கைக் கேட்டுக் கிட்டாரை முதலில் பதியும்போது, பாட்டு மூச்சுவிடும் இடத்திலும் என் கை கடிகாரம்போல் அடித்துக்கொண்டே போகிறது. அதனால் வேகப்பாட்டுக்குத் தனித்தனி. மெதுவான பாட்டுக்கு ஒரே மைக், நெஞ்சு உயரத்தில், இரண்டடி தள்ளி. குரல் அடங்கிக் கேட்டால் மைக்கை நாலு விரல் உயர்த்துவேன், கிட்டார் அடங்கினால் தாழ்த்துவேன். அதற்கே பத்து முறை பதிந்து கேட்க வேண்டியிருக்கும்.

மென்பொருள் ஒடாசிட்டியில் தொடங்கி ரீப்பருக்குப் போனேன். செய்வது கொஞ்சம்தான்: 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டு (கிட்டாரின் தடித்த தந்தியே 82இல்தான் தொடங்குகிறது), குரலுக்குச் சிறிது கம்ப்ரெஷன் (உரத்ததற்கும் மெல்லியதற்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது), துளி ரிவேர்ப் (செயற்கை எதிரொலி).

ஒன்றுக்கு மட்டும் வழி தெரியவில்லை. எங்கள் வீட்டுக்குச் சீற் கூரை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை அதில் இறங்கினால் மைக்கின் முதுகு எந்தப் பக்கம் இருந்தும் பயனில்லை. அந்த மூன்று மாதமும் டப்பாவைத் திறப்பதில்லை, பாடிப் பழகுவதோடு சரி.