மூன்றரைக்கு என்ன அர்த்தம்?

"வீட்ல உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு படம் சொல்லுடா, நீதான் எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆளாச்சே" என்று ஒரு நண்பன் கேட்டான். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. மொபைலைத் திறந்து பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனேன். மூன்றரை, மூன்றரை, நான்கு, மூன்று, மறுபடி மூன்றரை. ஐந்துக்குத்தான். பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது, படத்தைத்தான் காணோம். மூன்றரை வாங்கிய ஒரு படத்தில் யார் செத்தார்கள், யார் கொன்றார்கள் என்பதுகூட நினைவில்லை. அது கொலைப்படம் என்பதே பெயரை வைத்து நானாகச் செய்த ஊகம்.

நான் விமர்சகன் எல்லாம் இல்லை. வாரத்துக்கு இரண்டு, மூன்று படம் வீட்டில் பார்த்துவிட்டு, மறக்காமல் இருக்க ஒரு மார்க் போட்டு வைக்கிறவன். அந்த ஒரு மார்க்கைப் போடுவதற்கே இதுவரை நான்கு வழிகளை மாற்றிவிட்டேன்: கட்டைவிரல், நூற்றுக்கு மார்க், ஐந்து நட்சத்திரம், எண்ணே இல்லாத ஒரு வரி. இப்போது ஒரு வரியில் நிற்கிறேன். அதனால் இது நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

கட்டைவிரலைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நெட்ஃபிளிக்ஸ் 2017ல் ஐந்து நட்சத்திரத்தைத் தூக்கிவிட்டு மேலே, கீழே என இரண்டு விரலோடு நிறுத்திக்கொண்டது. பிடித்ததற்கும் ரொம்பப் பிடித்ததற்கும் வித்தியாசம் வேண்டியிருக்கிறது என்று 2022ல் இரட்டை விரலையும் சேர்த்தது. போடுவதற்கு ஒரு நொடி போதும் என்பதுதான் இதன் பலம். ஆனால் அந்த விரலை நான் எனக்காகத் தூக்கவில்லை, அடுத்து எதைக் காட்டலாம் என்று யோசிக்கிற செயலிக்காகத் தூக்குகிறேன். அதனால் எனக்கு வந்த பரிந்துரைகள் மேம்பட்டனவா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சில மாதம்தான் ஒழுங்காகப் போட்டேன், அதுவும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கணக்கு. பேய்ப் படத்துக்குப் பக்கத்தில் பேசும் கரடி வந்து நின்றது.

இதே கட்டைவிரலைக் கூட்டமாகத் தூக்கினால், விமர்சனங்களைத் திரட்டித் தருகிற ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதம். அங்கே 90 என்பது மார்க் இல்லை. நூறு விமர்சகர்களில் தொண்ணூறு பேர் 'பரவாயில்லை, பார்க்கலாம்' பக்கம் நின்றார்கள் என்பதுதான் கணக்கு. அறுபதைத் தொட்டாலே 'நல்ல தக்காளி' என்ற முத்திரை. எல்லோரும் 'சுமார்' என்று தலையாட்டிய படம் 95ல் இருக்கலாம், பாதிப் பேர் கொண்டாடி மீதிப் பேர் திட்டிய படம் 50ல் கிடக்கலாம். எனக்குப் பிடித்தது பெரும்பாலும் அந்த இரண்டாவது வகை. இதைப் புரிந்துகொள்ளாமல் பல சனிக்கிழமை ராத்திரிகளை வீணாக்கியிருக்கிறேன்.

நூற்றுக்கு மார்க் போடுவது நம் ஆட்களுக்கு ஆனந்த விகடனால் வந்த ஆசை. '16 வயதினிலே' படத்துக்கு விகடன் போட்ட 62.5 மதிப்பெண்ணை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த அரை மார்க்கில் ஒரு கம்பீரம் இருக்கிறது, இல்லையா? பத்திரிகையின் மார்க்குக்கு ஒரு கனம் உண்டு. சோபாவில் தனியாகச் சாய்ந்திருக்கிற நான் 71 போடுவதற்கும் 73 போடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே விளங்கவில்லை. ஒரே படத்துக்கு முதலில் 72 போட்டிருந்தேன், இரண்டு வாரம் கழித்து முந்தைய மார்க்கை மறைத்துக்கொண்டு போட்டபோது 64 வந்தது. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று உண்டு. ஒலியின் உயரம், உப்பின் அளவு போன்ற ஒற்றை அளவுகளை மனிதர்கள் தனித்தனியாக இனம்பிரிக்கச் சொன்னால் ஏறக்குறைய ஏழு படிகளுக்கு மேல் தடுமாறுகிறார்கள் என்றார். உப்புக்கே அந்தக் கதி என்றால் இரண்டரை மணி நேரப் படத்துக்கு நூறு படிகள் எங்கே போவது? மூன்று மாதத்தில் கைவிட்டேன். வருடக் கடைசியில் வரிசைப்படுத்திப் பார்க்க மட்டும் ஜோராக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்து நட்சத்திரத்தோடுதான் அதிக நாள் குடித்தனம் நடத்தினேன். படங்களுக்கு நட்சத்திரம் போடுவது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. நியூயார்க் டெய்லி நியூஸ் பத்திரிகையில் ஐரீன் திரர் 1928லேயே தொடங்கிவிட்டார், அப்போது உச்சமே மூன்றுதான். இன்று, பார்த்த படங்களைக் குறித்துவைக்கிற லெட்டர்பாக்ஸ்ட் தளத்தில் அரை நட்சத்திரத்தில் தொடங்கி ஐந்து வரை மொத்தம் பத்துப் படிகள். கைக்கு அடக்கமான அளவு. நண்பர்களின் மார்க்கோடு வைத்துப் பார்க்கலாம், சண்டை போடலாம். இது போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கோளாறு நட்சத்திரத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறது. தியேட்டரில் விளக்கை அணைத்துவிடுகிறார்கள், படம் நமக்காக நிற்பதில்லை, பாதியில் எழுந்து போகக் கூச்சமாக இருக்கிறது. வீட்டில் அப்படியா? நடுவில் நிறுத்திவிட்டுத் துணி காயப்போடுகிறோம். சப்டைட்டில் படத்தை மொபைலைப் பார்த்துக்கொண்டே பார்க்கிறோம், அதாவது பார்ப்பதே இல்லை. ஒரு படத்தை மூன்று ராத்திரிகளுக்குத் தவணை கட்டுகிறோம். வேகத்தைக் கொஞ்சம் கூட்டி ஓட்டுகிறவர்களும் உண்டு (நானும் ஒருமுறை செய்தேன், மன்னிக்கவும்). இத்தனைக்கும் பிறகு போடுகிற மூன்று நட்சத்திரம் படத்துக்கா, அந்த ராத்திரிக்கா?

எனக்கு உறைத்தது ஒரு மெதுவான படத்தில். அப்பாவும் மகளும் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள், அவ்வளவுதான் கதை. மூன்று தவணையில் பார்த்துவிட்டு இரண்டரை போட்டிருந்தேன், 'இழுவை' என்று மனசுக்குள் ஒரு முத்திரையும் குத்தியிருந்தேன். நாலு மாதம் கழித்து, மொபைலை வேறு அறையில் விட்டுவிட்டு ஒரே மூச்சில் பார்க்க வாய்த்தது. நாலரை. முதல்முறை இழுவையாகத் தெரிந்த மௌனங்கள்தான் இந்தமுறை படமாகவே இருந்தன. இரண்டு மார்க்கும் பொய் இல்லை. ஆனால் பட்டியலில் வெறும் 2.5 என்று மட்டும் கிடந்தால், அது எந்த நிலையில் பார்த்த இரண்டரை என்று பின்னால் யார் வந்து சொல்வது?

மார்க் எப்போது போடுகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. பரிந்துரைகளின் துல்லியத்தைப் பத்து சதவீதம் உயர்த்துகிறவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் என்று நெட்ஃபிளிக்ஸ் 2006ல் ஒரு போட்டி வைத்தது, 2009ல் பரிசும் கொடுத்தது. வென்ற குழுவில் இருந்த யெஹூதா கோரென் அந்தத் தரவை அலசி எழுதியதில் ஒன்று எனக்கு மறக்கவில்லை. படத்துக்கு வயது ஏற ஏற அதற்கு விழும் மார்க்கும் மெல்ல ஏறுகிறதாம். அவரவர் மார்க் போடும் தாராளமும் காலத்தோடு நகர்கிறதாம். நான் ஏதோ மனம் ஊசலாடுகிற ஆள் என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன், ஊரே அப்படித்தான் இருந்திருக்கிறது. போதாக்குறைக்கு, ஒரு அனுபவத்தை அதன் உச்சத்தையும் முடிவையும் வைத்தே நினைவு கணக்குப் போடுகிறது என்று உளவியலாளர் டேனியல் கானமன் வேறு சொல்லிவைத்திருக்கிறார். என் பழைய நாலு நட்சத்திரங்களைக் கிளறினால் பாதி, கிளைமாக்ஸுக்குக் கிடைத்தவை. நடு ஒரு மணி நேரம் நான் சமையலறையில் இருந்திருக்கலாம்.

இப்போது ஒரு வரி. இதை நல்லது என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு உரைகல்தான்: ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது அது என்னோடு பேச வேண்டும். போடுவது சுலபமா, வரிசைப்படுத்த முடியுமா, அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நண்பன் கேட்டுப் பதில் சொல்ல முடியாமல் விழித்த அன்று, ஒரு சோதனை செய்து பார்த்தேன். நட்சத்திரம் மட்டும் போட்ட இருபது படங்களையும், எப்போதோ சோம்பலில்லாத நாட்களில் வரி எழுதிவைத்த இருபது படங்களையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் யாருக்குப் பரிந்துரைப்பேன் என்று யோசித்தேன். நட்சத்திரப் படங்களில் ஏழெட்டுக்குத்தான் பதில் வந்தது, அதுவும் ஐந்தோ ஒன்றோ வாங்கியவற்றுக்கு. நடுவில் இருந்தவை ஊமை. வரி எழுதியவற்றில் இரண்டைத் தவிர எல்லாம் வாயைத் திறந்தன.

எந்த மாதிரி வரி என்று காட்டினால்தான் புரியும். என் குறிப்பிலிருந்து, பெயர்களை நீக்கிவிட்டு:

"விசாரணை அறையை விட்டு கேமரா வெளியே போகவே இல்லை, நமக்கும் வியர்க்கிறது. ஒரே மூச்சில். ஒருமுறை."

"ஹீரோ வரும் இடமெல்லாம் சத்தம். தங்கையாக வருகிற பெண் பேசாமல் நிற்கும் இடத்தில்தான் படம். டப்பிங்கில் பார்த்தது, மூலத்தில் பார்க்க வேண்டும். மறுபடி."

"38வது நிமிடத்தில் விட்டேன். படத்தின் தப்பா, என் தூக்கமா தெரியவில்லை. பாதியில்."

"குழந்தைகள் சிரித்தார்கள், நான் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். ஒருமுறை."

கடைசியில் நிற்கிற ஒற்றைச் சொல்தான் நான் சேர்த்துக்கொண்ட ஒட்டு. மறுபடி, ஒருமுறை, பாதியில். மூன்றே குவியல். எண்ணை முழுசாக விட மனசு வராதவனின் சமரசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் 'பாதியில்' என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நட்சத்திரம் போட்ட நாட்களில் முழுக்கப் பார்த்த படத்துக்கு மட்டும்தான் போட்டேன். முடிக்காத படத்துக்கு மார்க் போடுவது நியாயமில்லையே என்ற நல்லெண்ணம்தான். விளைவு என்ன? நான் தாங்க முடியாமல் விட்டு ஓடிய படங்கள் எதுவுமே பட்டியலில் இல்லை. தப்பிப் பிழைத்தவை மட்டும் இருந்தால் சராசரி மூன்றரையில் வந்து நிற்காமல் வேறெங்கே நிற்கும்? வீட்டில் படம் பார்ப்பதில் பாதி, எதை நிறுத்தினோம் என்பதுதான். இதைக் கண்டுபிடிக்க இத்தனை நாள் ஆனது கொஞ்சம் வெட்கம்.

வரியை அன்றைக்கே எழுதுவதில்லை, மறுநாள் காலையில்தான். கிளைமாக்ஸின் புகை அதற்குள் அடங்கிவிடும். 'அருமை', 'செம', 'மொக்கை' மூன்றுக்கும் தடை. அவை வேஷம் மாற்றி வந்த நட்சத்திரங்கள். கதைச்சுருக்கமும் கூடாது, அது எங்கே தேடினாலும் கிடைக்கும். படத்தில் கண்ணில் பட்ட ஏதாவது ஒன்று, அது ஒரு முகமோ, சத்தமோ, சுவரின் நிறமோ எதுவானாலும் சரி, வரிக்குள் இருந்தே ஆக வேண்டும். எப்படிப் பார்த்தேன் என்பதற்கு இரண்டு சொல்.

குறை இல்லாமல் இல்லை. சோம்பல் வந்தால் முதலில் காலியாகிற பழக்கம் இதுதான். நட்சத்திரத்தைத் தூக்கத்தில்கூடத் தட்டலாம், வரிக்கு உட்கார வேண்டும். இரண்டு வாரம் எழுதாமல் விட்டால் பிடிப்பது கஷ்டம். 'இந்த வருடத்தில் சிறந்த பத்து' என்று யாராவது கேட்டால் 'மறுபடி' குவியலைக் கொட்டிவிட்டுத் தலையைச் சொறிய வேண்டியதுதான். இன்னொன்று, இதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது: படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாளைக்கு எழுத வேண்டிய வரியை மனசு தேட ஆரம்பித்துவிடுகிறது. நல்ல காட்சி வந்ததும் 'ஆ, இதுதான் வரி' என்று ஒரு குரல். பார்ப்பதை அது கெடுக்கிறதா, கூர்மையாக்குகிறதா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.

தொடர்களுக்கு இது சரிப்படவில்லை. எட்டு எபிசோடுக்கு ஒரு வரி என்றால் நான்காவது எபிசோடு கோபித்துக்கொள்கிறது. இரண்டிரண்டு படமாக மோதவிட்டு 'இதில் எது?' என்று மட்டும் கேட்டுக்கொண்டு வரிசை போடுகிற ஐந்தாவது வழியும் உண்டு. மூன்று வாரம்தான் முயன்றேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அநியாயம். நகைச்சுவைப் படத்தையும் போர்ப் படத்தையும் மோதவிடும் இடத்தில் எனக்கு மூச்சு முட்டியது, என்னைவிட விடாமுயற்சி உள்ளவர்களுக்கு முட்டாமல் இருக்கலாம். வருடத்துக்கு இருபது படம் பார்ப்பவர்களுக்கு இந்த எழுத்து வேலையே தேவையில்லை, அத்தனையும் நினைவில் இருக்கும். நண்பர்களோடு மார்க்கை ஒப்பிட்டு வம்பு வளர்ப்பதுதான் சந்தோஷம் என்றால் நட்சத்திரத்தை விடாதீர்கள், வரியை வைத்துக்கொண்டு யாரோடும் சண்டை பிடிக்க முடியவில்லை.

அந்த நண்பனுக்குக் கடைசியில் மூன்று படங்களின் வரிகளை அனுப்பிவைத்தேன். விசாரணை அறைப் படத்தைத் தேர்ந்தெடுத்தான். ராத்திரியே பார்த்துவிட்டுக் காலையில் கூப்பிட்டான், கேமரா வெளியே போகாதது பற்றி அரை மணி நேரம் பேசினான். வைக்கப் போகும் நேரத்தில் கேட்டான்: "அதெல்லாம் சரிடா, அஞ்சுக்கு எவ்வளவு குடுப்ப?"

"மூன்றரை" என்றேன், யோசிக்காமலே.