தினம் ஒரு படம்: எங்கே போடுவது?

தினம் ஒரு படம், கீழே நாலு வரி. ஒளிப்பட நாட்குறிப்பு என்பது அவ்வளவுதான். இதற்கு இடம் தேடுகிறவர்கள் படம் எங்கே பளிச்சென்று தெரியும் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. படம் எடுத்த தேதியை அந்த இடம் மதிக்கிறதா? இன்று பின்னூட்டம் போட்டவர் நாளையும் வருவாரா?

இந்த இரண்டிலும் தோற்பது இன்ஸ்டாகிராம்தான். ஆள் அதிகம் இருக்கும் இடமும் அதுவே. நேற்று எடுத்த படத்தை இன்று போட்டால் அது இன்றைய படமாகத்தான் நிற்கும், தேதியைப் பின்னால் தள்ள வழியில்லை. 2016இல் பட வரிசையைக் கால வரிசையிலிருந்து, யாருக்கு எது பிடிக்கும் என்று தளமே ஊகிக்கும் கணிப்பு வரிசைக்கு மாற்றினார்கள். அதன் பிறகு, உங்களைப் பின்தொடர்கிறவர் கண்ணில் உங்கள் படம் படுவது உங்கள் கையில் இல்லை; 2022இல் கால வரிசையை ஒரு தேர்வாகத் திரும்பக் கொடுத்தாலும், அவர் அதைத் தேடிப் போய்த் தேர்ந்தால்தான் உண்டு. படமும் 1080 பிக்ஸல் அகலத்துக்குச் சுருங்கிவிடும். குறிப்புக்கு 2,200 எழுத்துக்குறி வரை இடம் உண்டு. ஆனால் தமிழில் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக்குறியாகக் கணக்கில் ஏறுவதால் ஏறத்தாழ 250 சொல்லோடு முடிந்துவிடும். தெரிந்தவர்களுக்குக் காட்ட இது போதும். தெரியாதவரை நண்பராக்க இது கடினமான இடம்: அங்கே கிடைப்பது பெரும்பாலும் இதயக்குறிதான், பேச்சு இல்லை.

இதற்கு நேர் எதிர், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்த பிளிப்ஃபோட்டோ என்ற தளம். விதி ஒன்றுதான்: ஒரு நாளுக்கு ஒரே படம், அதுவும் அன்றே நீங்களே எடுத்தது. கேட்கக் கண்டிப்பாக இருக்கிறது, ஆனால் நட்பு முளைப்பதே இதனால்தான். நீங்கள் பின்தொடரும் 30 பேரும் சேர்ந்து நாளுக்கு 30 படத்துக்கு மேல் போட முடியாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்து, பத்துக்காவது நாலு சொல் எழுதிவிடலாம். போனவாரம் மருத்துவமனை வாசலைப் படம் போட்டவர் இந்த வாரம் தோட்டத்தைப் போட்டால், வீடு திரும்பிவிட்டார் என்று புரியும். அங்கிருந்துதான் பேச்சு தொடங்குகிறது. பிரிட்டன்காரர்கள் நிறைந்த இடம் என்பதால் நேரக் கணக்கு ஒன்று உண்டு: இங்கே இரவு 9 மணி என்றால் அங்கே பிற்பகல் 3.30, கோடையில் 4.30. பதில்கள் நீங்கள் தூங்கும்போது வரும், காலையில் மறுமொழி எழுதலாம்.

365 ப்ராஜெக்டும் அதே குடும்பம், கொஞ்சம் தளர்வானது. மாதத் தலைப்புகளும் சொற்பட்டியல்களும் இருப்பதால், எடுக்க எதுவும் தோன்றாத நாளைக்கு ஒரு பிடி கிடைக்கும். பிப்ரவரி முழுவதும் கறுப்பு வெள்ளைப் படமாகவே போட்டு நாட்காட்டியை நிரப்பும் வழக்கம் அங்கே உண்டு. புதிதாகச் சேர்கிறவர் பத்துப் பேரோடு அறிமுகமாக அது நல்ல மாதம்.

ஃப்ளிக்கருக்கு வருவோம். 2004இல் தொடங்கி, யாஹூ கைக்குப் போய், 2018இல் ஸ்மக்மக் என்ற படத்தள நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. இலவசக் கணக்கில் 1,000 படம் வரைதான். நாளுக்கு ஒன்று என்றால் இரண்டே முக்கால் ஆண்டுக்கு வரும். அதற்குப் பின் காசு கட்ட வேண்டும், இல்லையேல் பழையதை நீக்க வேண்டும். நாட்குறிப்பில் பக்கம் கிழிப்பது யாருக்கும் பிடிக்காது, ஆகவே இதைத் தொடங்கும்போதே யோசித்துவிடுங்கள். தேதி விஷயத்தில் இதை மிஞ்ச ஆளில்லை: எடுத்த தேதியையும் ஏற்றிய தேதியையும் தனித்தனியே வைத்திருக்கும், திருத்தவும் விடும்.

ஒரு இடறல் மட்டும் உண்டு. எடுத்த தேதியைப் படக் கோப்புக்குள் இருக்கும் எக்ஸிஃப் தகவலிலிருந்துதான் அது படிக்கிறது. ஃபோனிலிருந்து கணினிக்கு வாட்ஸ்அப் வழியாகப் படத்தை அனுப்பினால் அந்தத் தகவல் உதிர்ந்துவிடும், படமும் சுருங்கும். பிறகு எல்லாப் படமும் ஏற்றிய நாளில் குவிந்து கிடக்கும். கேபிள் வழியாக மாற்றுங்கள். வாட்ஸ்அப்தான் வழி என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

ஃப்ளிக்கரில் நண்பர்கள் குழுக்கள் வழியே கிடைப்பார்கள். 'ஒன்று போட்டால் இரண்டுக்குக் கருத்து எழுது' என்ற விதியுள்ள குழுக்களைத் தவிருங்கள். அங்கே வருவதெல்லாம் ஒட்டிவிட்டுப் போகும் வாழ்த்து அட்டைகள். ஒரே ஊர், ஒரே பறவை, ஒரே வகைக் கேமரா என்று குறுகிய குழுக்களே பலன் தரும்.

பிளாகர், தமிழ்ப் பதிவர்களுக்குப் பழகிய வீடு. நீளமாக எழுதலாம், பதிவின் தேதியை மாற்றலாம். குடும்பத்துக்கு மட்டும் என்றால் 100 பேர் வரை அழைத்துப் பூட்டி வைக்கலாம். குறை, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. நீங்களே போய் நாலு பேர் வீட்டில் பின்னூட்டம் போட்டால்தான் அவர்கள் திரும்பி வருவார்கள். பிக்ஸல்ஃபெட், பலர் தனித்தனி சர்வர்களில் நடத்தும் படத்தளம். அதில் விளம்பரம் கிடையாது, கால வரிசை உண்டு, மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் இருப்பவர்களும் அங்கிருந்தபடியே பதில் எழுதலாம். ஆனால் சேரும் சர்வரை நடத்துகிறவர் கைவிட்டால் கணக்கும் போய்விடும்.

எங்கே போட்டாலும் இடக்குறிப்பைக் கேமரா அமைப்பிலேயே அணைத்துவிடுங்கள். அணைத்தாலும் தினப் படம் காட்டிக்கொடுக்கும்: பள்ளிச் சீருடை, வண்டி எண், தினமும் காலை 6.30க்கு அதே தெருமுனை. ஒரு மாதப் படத்தை வரிசையாகப் பார்க்கிற எவருக்கும் வீடு எப்போது பூட்டிக் கிடக்கும் என்று தெரிந்துவிடும். ஊரில் இல்லாத நாள் படங்களைத் திரும்பி வந்தபின் ஏற்றுவது நல்லது. இதற்குத் தேதி மாற்ற விடும் இடமாக இருக்க வேண்டும். முன்பு சொன்ன முதல் கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது.

நாள் தவறுவது எல்லோருக்கும் நடக்கும். விட்ட நாளுக்குப் பழைய படத்தைத் திணிப்பதைவிட வெற்றிடமாக விடலாம். ஜன்னல், தேநீர்க் குவளை, மாடிக் கொடி என்று ஒரே கோணத்தில் எடுக்க ஒரு கைவசப் பொருளை முதல் நாளே முடிவுசெய்து வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

கடைசியாக, வீட்டுப் பிரதி. நாளுக்கு ஒரு படம் என்ற இதே பாணியில் 2002இல் தொடங்கி, தென் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த ஃபோட்டோலாக் 2016இல் மூடப்பட்டது. பிளிப்ஃபோட்டோவே 2015இல் திவாலாகி, பயனர்கள் பணம் திரட்டியதால் பிழைத்தது. 2017இல் ஃபோட்டோபக்கெட் என்ற படச் சேமிப்புத் தளம் பிற தளங்களில் படம் காட்ட ஆண்டுக்கு 399 டாலர் கேட்டபோது, எத்தனையோ பழைய பதிவுகளில் படம் இருந்த இடத்தில் அறிவிப்புப் பலகை தொங்கியது. நீள் பக்கம் 2,048 பிக்ஸல், ஜேபெக் தரம் 85 என்று வைத்தால் ஒரு படம் சராசரியாக 700 கேபி; ஆண்டுக்கு 250 எம்பி சொச்சம். கோப்புப் பெயரை 2025-03-14 என்ற மாதிரி வைத்தால் தானாகவே வரிசையில் நிற்கும். குறிப்பையும் அதே பெயரில் எழுத்துக் கோப்பாகச் சேமியுங்கள்.

இந்தப் பிரதிக்காக இன்ஸ்டாகிராமிலிருந்து உங்கள் பதிவுகளைத் தரவிறக்கும்போது ஜேசன் (JSON) என்ற கோப்பு வடிவத்தைத் தேர்ந்தால் தமிழ்க் குறிப்பெல்லாம் புரியாத குறியீடாக வரும். எச்டிஎம்எல் (HTML) வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள், எழுத்து அப்படியே இருக்கும்.