பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களே, 'வருசப் பராமரிப்பு' என்று மொத்தமாகக் காசு கட்டாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். "வருசத்துக்கு ஒருக்கால் ஒரு தொகையைக் கட்டிவிடுங்கோ, மிச்சமெல்லாம் நாங்கள் பார்க்கிறம்" என்று எந்தக் கராஜ் கேட்டாலும் காசைக் கொடுத்துவிடாதீர்கள். என்னிடம் அப்படி 247,000 ரூபா வாங்கினார்கள். அதில் பெரும்பகுதி செய்யாத வேலைக்கும், புதிது என்று சொல்லிப் போட்ட பழைய சாமானுக்கும் போனது. காசு போனதைக்கூட விடலாம். பிரேக் ஒயில் மாற்றாத, வருசக் கணக்கில் கிடந்த ரயர் பூட்டிய காரில் என் மகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்கியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கராஜின் பெயரைப் போடவில்லை. பெயரைவிட அவர்கள் செய்த விதம் தெரிந்தால்தான் மற்றவர்களுக்கு உதவும்.

என்னுடையது மஸ்டா ரோட்ஸ்டர், முதல் தலைமுறை. யப்பானில் 1989 இல் யூனோஸ் என்ற பெயரில் வந்தது, வெளிநாடுகளில் எம்எக்ஸ்-5 என்பார்கள். ரெண்டு சீற், 1.6 லீற்றர் எஞ்சின், ஏறி இறங்கும் முன் லைற், துணிக் கூரை. ஆயிரம் கிலோ எடைகூட இல்லை. ரேர்போ கிடையாது, சிக்கலான எலெக்ரோனிக்ஸ் கிடையாது. நல்ல மெக்கானிக் கையில் இருந்தால் இதைவிட லேசான ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஆனால் முப்பது வருசம் தாண்டிய கார். ரப்பர், ஹோஸ், சீல், பிளாஸ்ரிக் எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பழுதாகிக்கொண்டுதான் இருக்கும். 2022 இல் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபாவுக்குப் போய், கியூஆர் கோட்டில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வந்த காலத்தில் என் கார் பெரும்பாலும் கொட்டிலில்தான் நின்றது. நின்ற காருக்குத்தான் பிறகு செலவு கூட வந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிற்பாட்டினார்கள். திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இந்த இடைவெளியில் ஒருவரும் பழைய காரைக் கைவிடவில்லை. சாமான் விலையோ ரூபா விழுந்ததோடு ஏறிவிட்டது. வருசத்துக்கு எவ்வளவு முடியும் என்று முன்கூட்டியே தெரிந்தால் நிம்மதி என்று எல்லாருக்கும் தோன்றுகிற நேரம் அது. அந்த நிம்மதியைத்தான் இந்தக் கராஜ் விற்றது. 2025 சித்திரைப் புதுவருசம் முடிந்த கையோடு காரை விட்டேன்.

பில்லில் இருந்தது இதுதான். ரைமிங் பெல்ட் (எஞ்சினின் வால்வுகளை நேரம் பிசகாமல் இயக்குகிற பல் பெல்ட்), அதை இறுக்கிப் பிடிக்கிற ரென்சனர், வாட்டர் பம்ப் கூலியோடு 68,000. நாலு புது ரயர் 112,000. எஞ்சின் ஒயில், பில்ரர், கியர் ஒயில், டிபரன்சியல் ஒயில் 24,000. பற்றரி 27,000. ரேடியேற்றர் கழுவிக் கூலண்ட் போட்டது 9,500. பிரேக் ஒயில் 6,500. சாமான்களை கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுத்ததாகச் சொன்னார்கள். கழற்றிய சாமானைத் தாருங்கள் என்று நான் கேட்டேன். ஒரு பெட்டியில் போட்டு, "இந்தாங்கோ அண்ணை, உங்கட பழைய பெல்ட்" என்று தந்தார்கள். கறுத்து வெடித்த பெல்ட். அதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஆனியில் பருத்தித்துறை வீதியில் போய்க்கொண்டிருக்கும்போது, நெல்லியடிக்குக் கிட்ட சூட்டு முள் மேலே ஏறத் தொடங்கியது. காரை ஓரங்கட்டி, எஞ்சினை நிற்பாட்டி, ஆறும்வரை நின்றேன். அங்கே பக்கத்தில் ஒரு வயதான மெக்கானிக் இருப்பதாகச் சொன்னார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40 யையும் மண்ணெண்ணெயில் ஓட்டிக்கொடுத்தவர்களில் ஒருவர். சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராற் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய காலம் இங்கே நாற்பது வயது தாண்டிய எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு சாமானும் உள்ளே வராத காலத்தில் பழைய காரைக் காப்பாற்றிய ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் இப்படி ஒரு வேலை நடந்தது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

கார் நன்றாக ஆறிய பிறகு அவர் ரேடியேற்றர் மூடியைத் திருகி எடுத்து, உட்புறத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கிணற்றுத் தண்ணீர் கொதிக்கவைத்த கேத்தில் அடியில் பிடிக்கிற வெள்ளைப் படலம் இருக்கிறதே, அதே படலம் மூடியிலும் ரேடியேற்றர் வாயிலும் பொருக்குக் கட்டியிருந்தது. விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தார். கூலண்ட் நிறமும் இல்லை, வழுவழுப்பும் இல்லை.

"தம்பி, இது கிணத்துத் தண்ணி" என்றார்.

எங்கள் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. குடிக்கிற தண்ணீரிலேயே படலம் பிடிக்கும்போது, நாளெல்லாம் சுடுகிற ரேடியேற்றருக்குள் என்ன நடக்கும்? மெல்லிய குழாய்கள் அடைபடும், சூடு வெளியேறாது. அலுமினியத்தை அரிக்காமல் காக்கிற மருந்தும் வெறும் தண்ணீரில் இல்லை. இந்தக் காரின் ரேடியேற்றருக்கு மேலும் கீழும் பிளாஸ்ரிக் தொட்டி. கறுப்பாக இருந்தது வயது போகப் போக மண்ணிறமாகும், பிறகு ஒருநாள் வெடிக்கும். என்னுடையது நல்ல மண்ணிறம். கழுவினவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூலண்டும் பற்றரித் தண்ணீரும் (காய்ச்சி வடித்த தண்ணீர்) பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் போதும், பெரிய செலவில்லை. அதற்குத்தான் 9,500 எடுத்துவிட்டுக் கிணற்றில் அள்ளி ஊற்றியிருக்கிறார்கள்.

சரி, இதில் பொய் என்றால் மற்றதையும் பாருங்கள் ஐயா என்றேன். வீட்டிலிருந்து அந்தப் பெட்டியையும் எடுத்துவரச் சொன்னேன்.

ரைமிங் பெல்ட்டின் மேல் மூடியைக் கழற்றினார். நட்டுகளைச் சுற்றி ஒயிலும் புழுதியும் கலந்து இறுகிப்போயிருந்தது, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. மூடியின் உட்பக்கம் வெள்ளைப் பெயின்ற் பேனாவால் ஒரு திகதியும் கிலோமீற்றர் கணக்கும். முந்தைய சொந்தக்காரர் 2012 இல் கொழும்பில் பெல்ட் மாற்றியபோது அங்கத்தைய மெக்கானிக் எழுதியது. உள்ளே பல்லுக்குப் பல் இடையில் வெடிப்போடு அதே பெல்ட். அப்படியானால் பெட்டிக்குள் இருந்த பெல்ட்? அவர் அதை எடுத்து என் பெல்ட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். அகலமே வேறு, பல்லும் வேறு. ஏதோ ஒரு வான் வண்டியிலிருந்து கழற்றிய பெல்ட் என்றார். குப்பையில் கிடந்ததை எடுத்துப் பெட்டியில் போட்டு என் கையில் தந்திருக்கிறார்கள்.

இதைக் கவனமாக வாசியுங்கள். "பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள்" என்றுதான் எல்லாரும் புத்தி சொல்வார்கள். ஏமாற்ற நினைக்கிற கராஜுக்கும் அது தெரியும். கேட்பவர்களுக்குக் கொடுக்கவென்றே ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். நிற்க முடியாவிட்டால், கார் விடுவதற்கு முன் பழைய பெல்ட்டிலும் பம்பிலும் தெரிகிற இடத்தில் பெயின்ற் புள்ளி வைத்து, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருகிற சாமானில் அந்தப் புள்ளி இருக்க வேண்டும்.

இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் அடிபடாது, கார் நின்றுவிடும், அவ்வளவுதான். வேறு பல எஞ்சின்களில் அப்படியில்லை, அறுந்த கணமே எஞ்சின் போய்விடும். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துவைத்திருங்கள். மஸ்டா சொல்வது ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி. ஓட்டம் குறைந்த காருக்கு வயதையும் பார்க்க வேண்டும்.

நாலு சில்லையும் கழற்றினார். பழைய பிரேக் ஒயிலை வெளியே விடுகிற பிளீடர் நிப்பிள்கள் துருப்பிடித்து, தொடப்படாமல் இருந்தன. அதைத் திறக்காமல் பிரேக் ஒயில் மாற்ற வழியில்லை. மேல் தொட்டியில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிது ஊற்றியிருக்கலாம், மேலாலே பார்த்தால் தெளிவாகத் தெரியும். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏற ஏற, விடாமல் பிரேக் பிடிக்கும்போது அது கொதித்து, பெடல் கீழே போய்விடும். ரெண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சாமான்.

ரயர்கள் பார்வைக்குப் புத்தம் புதிது. ஆனால் பக்கச் சுவரில் டொட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வருகிற கடைசி நாலு இலக்கத்தைப் பார்த்தால் 2716. அதாவது 2016 ஆம் ஆண்டின் 27 ஆவது வாரம் செய்தது. ஒன்பது வருசமாக எங்கோ அடுக்கிக் கிடந்ததைப் புது விலைக்குப் பூட்டியிருக்கிறார்கள். 185/60, 14 அங்குலம் அவ்வளவாக ஓடாத அளவு என்பதால் கடைகளில் பழையது தேங்கி நிற்கும். பூட்டுவதற்கு முன் நாலையும் நீங்களே வாசியுங்கள். சில நேரம் அந்த இலக்கம் ரயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அதை உட்பக்கமாகப் போட்டுப் பூட்டிவிட்டால் வெளியே தெரியாது. என்னுடையதில் மூன்றை அப்படித்தான் பூட்டியிருந்தார்கள்.

பற்றரி உண்மையில் புதிதுதான். ஆனால் வகை பிழை. இந்தக் காரில் பற்றரி டிக்கிக்குள் இருக்கிறது. அதனால் கம்பனி போட்டது மூடிய வகை, வாயு வெளியே போகக் குழாயும் உண்டு. இவர்கள் சாதாரணப் பற்றரியை குழாய் இல்லாமல் வைத்திருந்தார்கள். ரெண்டு மாதத்துக்குள் தட்டைச் சுற்றி அசிட் பொடி, அடித்தகட்டில் பெயின்ற் உரியத் தொடங்கியிருந்தது. எஞ்சின் ஒயில் ஐந்து லீற்றர் என்று பில். இந்த எஞ்சினுக்கு நாலு லீற்றர்கூடப் பிடிக்காது.

நான் கேட்காமலே அந்த மெக்கானிக் செய்த ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். சீற்றுக்குப் பின்னால், துணிக் கூரை மடிகிற இடத்தில் ரெண்டு பக்கமும் மழைத்தண்ணீர் வடிகிற துவாரம் இருக்கிறது. முற்றத்து வேம்பின் இலையும் பூவும் விழுந்து அது இறுகிக் கிடந்தது. அடைபட்டால் தண்ணீர் கதவுக்குக் கீழான பெட்டிக்குள் தேங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்கும். நீளமான மெல்லிய பிளாஸ்ரிக் கம்பியை விட்டுக் குத்தி எடுத்தார், கூலியும் கேட்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன் இதை நீங்களே செய்யலாம்.

இந்தக் காருக்கு நேர்மையாகச் செலவழித்தால் வருசத்துக்கு எவ்வளவு முடியும் என்று பலர் கேட்கிறார்கள். பெற்றோல், காப்புறுதி, வாகன வருமான அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ் இவற்றை விட்டுவிட்டுப் பார்த்தால், பெரிய வேலை இல்லாத வருசத்தில் எனக்கு 60,000 முதல் 80,000 ரூபா வரை. பெல்ட்டோ ரயரோ ரேடியேற்றரோ வருகிற வருசம் அதன் மூன்று மடங்குக்கும் போகும். அதனால் எல்லா வருசத்துக்கும் ஒரே தொகை என்பது கணக்குக்கே பொருந்தாது. நான் இப்போது மாதாமாதம் ஒரு தொகையைத் தனியாகப் போட்டுவைத்து, ஒவ்வொரு வேலையாகக் கண்முன்னே செய்வித்துக் காசு கொடுக்கிறேன்.

படங்களோடும் பில்லோடும் அந்தக் கராஜுக்குப் போய்க் கேட்டேன். முதலில் பையன் பிழைவிட்டான் என்றார்கள், பிறகு 40,000 தருகிறோம், விசயத்தை விடுங்கோ என்றார்கள். நான் வாங்கவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் என்ன ஆவணங்கள் வேண்டும் என்று சொல்வார்கள். பில்லில் செசி நம்பரும் சாமான் ஒவ்வொன்றின் விலையும் தனித்தனியாக இருந்தது எனக்குப் பெரிய உதவி. "வருசப் பராமரிப்பு" என்று ஒரே வரியில் பில் எழுதித் தந்தால் ஏற்க வேண்டாம், பிரித்து எழுதச் சொல்லுங்கள். இதே மாதிரிப் பெட்டியில் பெல்ட் வாங்கி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், அதைத் திறந்து உங்கள் காரில் இருப்பதோடு ஒத்துப் பாருங்கள், பில்லின் திகதியையும் பாருங்கள். மூன்று மாதம் இன்னும் முடியவில்லை என்றால் இந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.