ரத்தம் குறைந்த ஷாக்கா, இதயம் தளர்ந்த ஷாக்கா?

மருத்துவத்தில் ஷாக் என்றால் மனம் அதிர்ந்துபோவது அல்ல. உறுப்புகளுக்குத் தேவையான ரத்தம் போய்ச் சேராத நிலை. விபத்தில் ரத்தம் கொட்டினாலும் வரும், மாரடைப்பில் இதயம் தளர்ந்தாலும் வரும். இரண்டிலும் பெரும்பாலும் கை கால் சில்லிட்டு, வியர்த்து, நாடி நூல் போல ஓடும். நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்த இடம் மறுபடி சிவக்க இரண்டு நொடிக்கு மேல் ஆகும்.

அப்புறம் எப்படிப் பிரிப்பது? கழுத்தைப் பாருங்கள். ரத்தம் குறைந்தவருக்குப் படுத்திருந்தாலும் கழுத்து நரம்பு (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்) ஒட்டிக் கிடக்கும். இதயம் தளர்ந்தவருக்கு அது புடைத்து நிற்கும்; நுரையீரலில் நீர் கோத்து, படுக்க முடியாமல் எழுந்து உட்காரப் பார்ப்பார்.

இந்த வித்தியாசம் உயிர் பிரச்சினை. முதலாமவருக்கு ரத்தக்கசிவை அடக்கி, ரத்தம் ஏற்ற வேண்டும். அதே வேகத்தில் இரண்டாமவருக்கு டிரிப்ஸ் ஏற்றினால் மூச்சு இன்னும் முட்டும். அவருக்குத் தேவை அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி, அதுவரை அழுத்தத்தைத் தாங்க நார் அட்ரினலின் போன்ற மருந்து. இதயத்தின் வலது பக்கம் பாதித்த மாரடைப்பு மட்டும் விதிவிலக்கு: கழுத்து நரம்பு புடைத்திருக்கும், நுரையீரல் சுத்தமாக இருக்கும், கொஞ்சம் டிரிப்ஸ் உதவவும் கூடும்.

ரத்த அழுத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். பெரியவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அதில் ஒன்றரை லிட்டர் போகும்வரை மேல் அழுத்தம் இறங்காமலே இருக்கலாம். நாடித்துடிப்பு 100-ஐத் தாண்டுவது அதற்கு முன்பே தெரிந்துவிடும்.