கிரீட் தேன்: தைமா, பைனா?

கிரீஸின் கிரீட் தீவுக்குப் போகிறவர்கள் கடையில் தைம் தேன், பைன் தேன் என இரண்டு புட்டிகளையும் கையில் ஏந்தித் தயங்குவதுண்டு. இரண்டும் நல்ல தேன்தான், குணம் வேறு.

பிறப்பு: தைம் தேன், கோடை வெயிலில் பாறைச் சரிவுகளில் பூக்கும் தைம் என்ற மணமூலிகைச் செடியின் சின்னஞ்சிறு ஊதாப் பூக்களின் கொடை. பைன் தேனுக்குப் பூவே கிடையாது. பைன் மரப் பட்டையில் ஒட்டி வாழும் ஒரு பூச்சி சாற்றை உறிஞ்சி, மிச்சத்தை இனிப்புத் துளியாக வெளியேற்றுகிறது. தேனீக்கள் அதைச் சேகரிக்கின்றன. இதை முதலில் அறிந்தபோது எனக்கு வியப்பு அடங்கவே இல்லை.

சுவை: தைமில் மணம் முந்திக்கொள்ளும், விழுங்கிய பிறகும் தொண்டையில் லேசான காரம் தங்கும். பைனில் இனிப்புக் குறைவு, மரப்பிசின் வாசம்.

விலை: பைன் மலிவு. கிரீஸின் தேன் விளைச்சலில் பாதிக்கு மேல் அதுதான்.

இருப்பு: தைம் தேன் நாளடைவில் உறையும். கலப்படமோ என்று பயப்பட வேண்டாம். புட்டியை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினால் இளகிவிடும். கொதிநீர் கூடாது, மணம் போய்விடும். பைன் தேன் நெடுநாள் உறையாது.

கெட்டித் தயிரிலோ மிசித்ரா பாலாடைக்கட்டியிலோ ஊற்றிச் சாப்பிடத் தைம். தேநீருக்கும் அன்றாடச் சமையலுக்கும் பைன். ஒரே புட்டிதான் வாங்க முடியும் என்றால் நான் தைமையே எடுப்பேன்.